கூடைக்குக் காவல் நிற்பவன்

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை மாலை. பள்ளியை ஒட்டிய என் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் இறங்கினார். பின்னால் அவர் மகன். ஆறு ஆண்டுகள் எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்ந்திருந்த பையன். அப்பாவின் கையில் கைப்பேசி. முகத்தில் கோபம்.

“டீச்சர், நீங்களே பாத்துச் சொல்லுங்க. ராத்திரி பத்து மணிக்கும் இதையே வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். என்னடான்னு கேட்டா கூடைப்பந்துங்கிறான். பந்தையும் காணோம், ஆளையும் காணோம். எல்லாம் நம்பரா இருக்கு, நாலு நம்பர் கடைக்காரன் எழுதி வச்ச மாதிரி. சூதாட்டமா இருந்தா சொல்லுங்க, இப்பவே ஆத்துல போட்டுடுறேன்.”

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவன் எப்போதும் அப்படித்தான். வகுப்பில் கை தூக்கமாட்டான். கேட்டால் சரியான பதில் சொல்வான். இப்படிப்பட்ட பிள்ளை வகுப்புக்கு இரண்டு பேர் இருப்பார்கள். நாற்பது பேர் நடுவில் அவர்களை நாம் மறந்துபோவதும் உண்டு.

“அண்ணே, ஒரு வாரம் பொறுங்க. நான் பார்த்துட்டுச் சொல்றேன்,” என்றேன்.

வாசகர்களே, அந்த ஒரு வாரம் பத்து மாதமாக நீண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன். கூடைப்பந்து தெரியாதவர்களும் படிக்கலாம். எனக்கும் அன்று தெரியாது.

இது என்ன விளையாட்டு?

அந்த விளையாட்டின் பெயர் பஸ்ஸர்பீட்டர். 2007-ஆம் ஆண்டிலிருந்து இணையத்தில் நடந்து வருகிறது. ஆளுக்கொரு கூடைப்பந்துக் குழு கொடுப்பார்கள். அதற்கு நாம்தான் நிர்வாகி. ஆட்டக்காரர்கள் கணினி உருவாக்கிய கற்பனை மனிதர்கள். ஆனால், எதிர்க்குழுவின் நிர்வாகி எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்திருக்கும் உண்மையான மனிதர்.

இதில் விரல் வித்தைக்கு வேலையில்லை. சுடுவதும் வெட்டுவதும் கிடையாது. ஆட்டத்திற்கு முன்பே யார் எந்த இடத்தில் இறங்குவது, எப்படி ஆடுவது என்று எழுதி வைத்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்கிவிட்டால் நாம் பார்வையாளர்தான். ஒரு பிரிவில் 16 குழுக்கள். ஒரு பருவம் 14 வாரம். அதற்குள் ஒவ்வொரு குழுவும் 22 ஆட்டங்கள் ஆடும். பருவம் முடிந்தால் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரு வயது கூடிவிடும்.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பன்னிரண்டு வகைத் திறன்கள் உண்டு. எட்டி நின்று பந்தெறிதல், பந்தைக் கையாளுதல், பந்தனுப்புதல், துள்ளி வரும் பந்தைப் பிடித்தல் என்று பட்டியல் போகும். அதில் தற்காப்புக்கு என்று மூன்று. கூடைக்குத் தொலைவில் எதிரியை மடக்குவது வெளித்தற்காப்பு. கூடையடியில் மடக்குவது உட்தற்காப்பு. எறிந்த பந்தைத் தட்டிவிடுவது மூன்றாவது. திறனின் அளவை வார்த்தையால் சொல்வார்கள். ‘மிக மோசம்’ என்பதில் தொடங்கி, ‘சராசரி’, ‘வலுவானது’ என்று ஏறி, ‘காவியப் புகழ்’ வரை 20 படிகள்.

பணம் கட்டாமலே ஆடலாம். பந்தயமும் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னபோது பாதிக் கோபம் இறங்கியது. “சரி, சூதாட்டம் இல்ல. ஆனா இதனால என்ன பிரயோசனம்?” என்று கேட்டார். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

முப்பது புள்ளி போட்டும் தோல்வி

மறுநாள் பையனைக் கூப்பிட்டு அவன் குழுவைக் காட்டச் சொன்னேன். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால், அந்தக் குழுவில் ஒருவன் ஆட்டத்திற்கு முப்பது புள்ளி போடுகிறான். கையிலிருந்த விளையாட்டுப் பணத்தையெல்லாம் கொட்டி அவனை ஏலத்தில் எடுத்திருக்கிறான் பையன்.

“முப்பது புள்ளி போடுறானே, அப்புறம் ஏன் தோக்குறீங்க?”

“அவன் எதிர்ல நிக்கிறவன் முப்பத்தஞ்சு போட்டுடுறான் டீச்சர்.”

“தடுக்கிறவனா ஒருத்தன வளத்தா என்ன?”

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “தடுக்கிறவனுக்குப் புள்ளி குடுக்க மாட்டாங்க டீச்சர்.”

அவன் விளையாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று குரலே காட்டிக் கொடுத்தது. மெல்ல விசாரித்தேன். புதிய பள்ளியில் கூடைப்பந்துக் குழுவுக்கு ஆள் எடுத்தபோது இவனும் போயிருக்கிறான். பத்து முறை கூடையில் எறியச் சொன்னார்களாம். ஒன்றுதான் விழுந்தது. பெயரை அடித்துவிட்டார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அன்று இரவிலிருந்துதான் கைப்பேசியில் இந்தக் குழுவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நானும் ஒரு கதை சொன்னேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் வலைப்பந்துக் குழுவில் இருந்தேன். என் இடம் கோல் கீப்பர். வலைப்பந்தில் ஏழு பேரில் இரண்டு பேர்தான் கோல் எறியலாம். கோல் கீப்பர் எதிரியின் வளையத்தடியில் போய் எறியவே முடியாது, விதி அது. இரண்டு ஆண்டுகள் ஆடினேன். ஒரு கோல்கூடப் போடவில்லை. குழுப் படத்தில் ஓரத்தில் நிற்பேன். ஆனால், எங்கள் கோல் எறிபவள் இன்றும் என்னைப் பார்த்தால் சொல்வாள்: “நீ பின்னால இருக்கேங்கிற தைரியத்துலதான் நான் முன்னால நின்னேன்.”

பையன் முதன்முறையாகச் சிரித்தான்.

எண்ணாமல் விட்ட வேலை

அந்த வாரம் நானும் கூடைப்பந்து வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதில் ஒரு செய்தி என்னை உலுக்கிவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துச் சங்கத்தில் பில் ரஸ்ஸல் என்றொரு மாமனிதர் ஆடினார். பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவுக்காக 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள். அதில் 11 முறை அவர் குழு வெற்றிக் கிண்ணம் வென்றது. அவருடைய பெருமையே தற்காப்புதான். எறிந்த பந்தை வெளியே அடித்து விடாமல், தன் தோழன் கைக்குப் போகும்படி தட்டிவிடுவார். எதிரியின் தாக்குதல் அந்த நொடியே தன் குழுவின் தாக்குதலாகிவிடும்.

சரி, அவர் எத்தனை பந்துகளைத் தட்டினார்? அதிகாரப்பூர்வக் கணக்கே கிடையாது! பந்தைத் தட்டுவதையும் பறிப்பதையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. புள்ளி போட்டவர்களின் கணக்கு மட்டும் முதல் நாளிலிருந்து இருக்கிறது. சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கென்று தனி விருது வந்ததும் 1983-இல்தான்.

இன்னொருவர் பென் வாலஸ். 1974-இல் அலபாமா மாநிலத்தில் வயல் சூழ்ந்த ஒரு சிற்றூரில், பதினொரு பிள்ளைகளில் பத்தாவதாகப் பிறந்தவர். ஊராருக்கு முடி வெட்டிச் சேர்த்த காசில் கூடைப்பந்துப் பயிற்சி முகாமுக்குப் போனவர். 1996-இல் என்.பி.ஏ. குழுக்கள் புதிய ஆட்டக்காரர்கள் 58 பேரைத் தேர்ந்தெடுத்தன. அந்த 58 பேரில் இவர் பெயர் இல்லை. பிறகு எப்படியோ ஒரு குழுவில் ஒட்டிக்கொண்டு, கூடையடியில் காவல் நிற்பதையே தொழிலாக்கிக் கொண்டார். அந்தத் தற்காப்பு விருதை 2002, 2003, 2005, 2006 என நான்கு முறை வாங்கினார். 2004 இறுதிச் சுற்றில் இவருடைய டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் குழு, ஷாகில் ஓனீல், கோபி பிரயண்ட் போன்ற பெரும் புள்ளிகள் இருந்த லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் குழுவை 4-1 என்று சாய்த்தது. அதில் ஓர் ஆட்டத்தில் லேக்கர்ஸ் எடுத்தது வெறும் 68 புள்ளி! 2021-இல் வாலஸின் பெயர் புகழ் மண்டபத்தில் ஏறியது. அவர் வாழ்நாள் முழுவதும் ஆட்டத்திற்குச் சராசரியாக எடுத்த புள்ளிகள் எத்தனை தெரியுமா? 5.7. ஆறுகூட இல்லை!

இந்த இரண்டு கதைகளையும் பையனிடம் சொன்னேன். “அந்த முப்பது புள்ளிக்காரன வித்துடலாம் டீச்சர்,” என்றான்.

தற்காப்பு ஆட்டக்காரரை வளர்ப்பது எப்படி?

வாசகர்களில் சிலருடைய பிள்ளைகளும் இந்த மாதிரி விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கலாம். ஆகவே, நாங்கள் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, வயது. இந்த விளையாட்டில் பதினெட்டு, பத்தொன்பது வயதில் புதிய ஆட்டக்காரர்கள் வருவார்கள். இளையவன் வேகமாகக் கற்பான். வயது ஏற ஏறக் கற்கும் வேகம் குறையும். ஆகையால், இன்று நன்றாக ஆடும் இருபத்தெட்டு வயதுக்காரனைவிட, இன்று தடுமாறும் பதினெட்டு வயதுக்காரனே வளர்ப்பதற்கு ஏற்றவன்.

இரண்டாவது, உயரம். உயரமானவன் கூடையடி வேலைகளை விரைவில் கற்பான். குட்டையானவன் வெளி வேலைகளை விரைவில் கற்பான். நடுத்தர உயரக்காரன் இரண்டையும் ஓரளவு கற்பான். எதிரியின் எந்த ஆட்டக்காரனையும் மடக்கத் தெரிந்த ஒருவன் வேண்டுமானால், இந்த நடுத்தர உயரம்தான் தோது.

மூன்றாவது, வளரும் எல்லை. ஒவ்வொருவனும் எவ்வளவு தூரம் வளரக்கூடும் என்று விளையாட்டிலேயே ஒரு குறிப்பு உண்டு. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் பயிற்சி ஏறக்குறைய நின்றுவிடும். அதைப் பார்க்காமல் ஆள் எடுத்தால் பாதி வழியில் திண்டாட வேண்டும்.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு பாடம். குழுவுக்கு வாரத்திற்கு ஒரே ஒரு பயிற்சிதான் கொடுக்க முடியும். இந்த வாரம் வெளித்தற்காப்பு, அடுத்த வாரம் எறிதல், அதற்கடுத்த வாரம் வேறொன்று என்று மாற்றிக்கொண்டே இருந்தால் எல்லாம் அரைகுறையாக நிற்கும். ஒன்றைப் பிடித்தால் பல வாரங்கள் விடாமல் பிடிக்க வேண்டும்.

ஐந்தாவது, நிமிடக் கணக்கு. இதுதான் பையனுக்குக் கணக்குப் பாடத்தில் ஆசை வரவைத்த இடம். பயிற்சி பெற வேண்டியவன் அந்த வாரம் ஆட்டத்தில் இறங்கியிருக்க வேண்டும். அதுவும் அந்தப் பயிற்சிக்குரிய இடத்தில் 48 நிமிடம் ஆடினால்தான் முழுப் பயன். ஓர் ஆட்டம் 48 நிமிடம். வாரத்திற்கு மூன்று ஆட்டம் என்றால் அந்த ஓர் இடத்தில் 144 நிமிடம் கிடைக்கும். 48-ஆல் வகுத்தால் மூன்று. ஆக, ஒரே இடத்துக்கான பயிற்சியில் மூன்று பேரை முழுமையாக வளர்க்கலாம். இரண்டு இடங்களுக்குச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தால் ஆறு பேர் வளர்வார்கள், ஆனால் மெதுவாக. எது நல்லது? பையன் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதிப் பார்த்து மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தான். மிக அதிகமாக ஆடவிட்டால் உடல் களைக்கும். ஆடாமல் உட்கார வைத்தால் துருப்பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும்.

ஆறாவது, தடுக்க மட்டும் தெரிந்தால் போதாது. பந்தைப் பறித்தவன் அதைப் பத்திரமாக அடுத்தவன் கையில் சேர்க்கவும் வேண்டும். பந்தைக் கையாளுதலும் பந்தனுப்புதலும் ஓரளவாவது இருக்க வேண்டும். குழுவில் புள்ளி போடுபவனும் ஒருவன் வேண்டும். ஐந்து பேரும் காவல்காரர்களாக இருந்தால் வீட்டில் அடுப்பெரிப்பது யார்?

ஏழாவது, குழுவாகக் காப்பது. ஆளுக்கு ஆள் மடக்குவது ஒரு முறை. இடத்தைப் பங்கு போட்டுக் காப்பது இன்னொரு முறை. முன்னால் இரண்டு பேர், கூடையடியில் மூன்று பேர் என்று நிறுத்தினால் கூடையடி பலப்படும், தொலைவு திறந்துகிடக்கும். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்றால் நேர்மாறு. எதிரி எங்கிருந்து அதிகம் எறிகிறான் என்று பழைய ஆட்டங்களின் அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திற்குப் பிறகும் வெளியிலிருந்து எறிதல், கூடையடியில் எறிதல், வெளித்தற்காப்பு, உட்தற்காப்பு, பந்து மீட்டல், பந்தோட்டம் என்று ஆறு வகையில் குழுவுக்கு மதிப்பீடு வரும். புள்ளிப் பட்டியலில் தெரியாதவனின் உழைப்பு அந்த ஆறில் தெரியும்.

தோற்றுக்கொண்டே வளர்த்த காலம்

முப்பது புள்ளிக்காரனை விற்றாகிவிட்டது. வந்த பணத்தில் நல்ல பயிற்றுநர் ஒருவரை வைத்தான். 196 செண்டிமீட்டர் உயரமுள்ள பதினெட்டு வயதுக்காரன் ஒருவன் கிடைத்தான். கணினி வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. ‘நெட்டையன்’ என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

முதல் பருவம் முழுக்க வெளித்தற்காப்பு. அதற்கு அவனைப் பந்து கொண்டு செல்லும் ‘கார்டு’ இடத்தில் இறக்க வேண்டும். அவனுக்கோ பந்தைக் கையாளவே தெரியாது. பந்தை இழந்துகொண்டே இருந்தான். இரண்டாம் பருவம் உட்தற்காப்பு. அதற்குக் கூடையடியில் ‘செண்டர்’ இடத்தில் இறக்க வேண்டும். அங்கே இவனைவிட ஒரு முழம் உயரமான ஆட்கள் இவன் தலைக்கு மேல் போட்டுவிட்டுப் போனார்கள். ஆறு தவறு செய்தால் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. சில நாட்களில் நெட்டையன் நிமிடக் கணக்கு நிறையுமுன்பே வெளியே வந்துவிடுவான். அந்த வாரப் பயிற்சியும் பாதி வீண்.

வாசகர்களே, இதுதான் இந்த வழியின் உண்மையான விலை. நாளைக்கு ஒருவனை வளர்க்க வேண்டுமானால் இன்றைக்குத் தோற்க வேண்டியிருக்கிறது. தோற்றால் பார்வையாளர் குறைகிறார்கள். வருமானம் குறைகிறது. ஒரு படி ஏறுவதற்கே சில வாரங்கள் ஆகின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது சின்னச் சோதனை இல்லை.

ஒரு நாள் மாலை வந்து நின்றான். “பேசாம நெட்டையன வித்துட்டு, மறுபடியும் ஒரு புள்ளிக்காரன வாங்கிடுறேன் டீச்சர். அப்பாகூடக் கேக்குறாரு, என்னடா தெனமும் தோக்குறன்னு.”

அப்போது என் அம்மா நினைவு வந்தது. அம்மா ரப்பர் மரம் சீவியவர். நாற்று நட்டு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் மரத்தின் மேல் கத்தி படாது. அத்தனை நாளும் களை எடுப்பதும் உரம் போடுவதும்தான். ஒரு சொட்டுப் பால் வராது. பார்க்கிறவனுக்குச் செலவாகத்தான் தெரியும். அடிமரத்தின் சுற்றளவு ஐம்பது செண்டிமீட்டர் வந்தால்தான் வெட்டுக்கு எடுப்பார்கள். “அவசரப்பட்டுக் கத்தி வச்சா அது வாழ்நாளெல்லாம் நோஞ்சான் மரம்தான்,” என்பார் அம்மா.

இதைச் சொல்லிவிட்டு, “விக்கிறதும் விக்காததும் உன் இஷ்டம். உன் குழு, நீதான் நிர்வாகி,” என்றேன். அவன் விற்கவில்லை.

இடையில் அவன் அம்மா ஓர் ஏற்பாடு செய்தார். பள்ளிப் பாடம் முடித்த பிறகுதான் கைப்பேசி. அதுவும் இருபது நிமிடம். இரவு ஒன்பது மணிக்கு அது சாமி மேடைக்குப் பக்கத்தில் போய்விடும். வாரத்திற்கு ஒரு பயிற்சி, மூன்று ஆட்டம் கொண்ட விளையாட்டுக்கு இருபது நிமிடமே அதிகம். முன்பு பத்து மணிவரை அவன் பார்த்துக்கொண்டிருந்தது விளையாட்டையன்று, தோல்வியை. அது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

மூன்றாம் பருவத்தில் பந்தனுப்புதலும் கையாளுதலும். இப்போது நெட்டையனை அவனுக்குரிய ‘ஃபார்வர்ட்’ இடத்திற்குக் கொண்டு வந்தார்கள். அந்தப் பருவத்தின் ஓர் ஆட்டத்தில், முதல் பருவத்தில் எங்களை நொறுக்கிய அதே குழு எதிரில் வந்தது. அவர்களுடைய பெரிய புள்ளிக்காரனுக்கு எதிராக நெட்டையன் நின்றான். அந்தப் புள்ளிக்காரன் அன்று எடுத்தது ஒன்பது புள்ளி. நெட்டையன் எடுத்தது நான்கு. நாங்கள் பதினொரு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம்.

முதலிடம் வந்தோமா என்று கேட்காதீர்கள். வரவில்லை. எட்டுக் குழுக்கள் கொண்ட எங்கள் பாதியில் நான்காவதாக வந்து, முதன்முறையாக அடுத்த சுற்றுக்குப் போனோம். அங்கே முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். ஆனால், வழி தெரிந்துவிட்டது.

திடலில் ஒரு மாலை

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

இரண்டாம் படிவத்தில் மறுபடியும் பள்ளிக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். போவதா வேண்டாமா என்று பையன் தயங்கினான். “எறியச் சொன்னா எறி. அப்புறம், ‘சார், நான் தடுக்கிறேன், என்னைத் தடுக்க விட்டுப் பாருங்க’ன்னு கேளு,” என்றேன். கேட்பதற்கு அவனுக்குத் தைரியம் வருமா என்ற சந்தேகம் எனக்கே இருந்தது.

ஒரு மாதம் எங்கள் பள்ளித் திடலில், மாலை நேரத்தில் பயிற்சி செய்தான். கூடைகூட இல்லை. தற்காப்புக்குக் கூடை எதற்கு? முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்பது. காலைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நகர்வது. எதிரியின் கண்ணையோ பந்தையோ பார்க்காமல் இடுப்பைப் பார்ப்பது. தலையும் கையும் ஏமாற்றும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆள் போவான். எதிரி குதிக்கும் முன் நாம் குதிக்கக் கூடாது. பந்தெறிந்த பிறகு முதுகால் அவனை அணைகட்டி, துள்ளி வரும் பந்துக்கு இடம் பிடிப்பது. அவன் தம்பி பந்து வைத்திருக்க, இவன் மடக்குவான். புழுதியில் கால் தேய்ந்த கோடுகள் மறுநாள் காலையிலும் தெரியும்.

குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது ஆளாக.

மூன்று ஆட்டங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான்காவது ஆட்டத்தில், எதிர்ப்பள்ளியில் ஓர் உயரமான பையன் எல்லாரையும் தாண்டிப் போட்டுக்கொண்டே இருந்தானாம். கடைசிக் கால் பகுதியில் பயிற்றுநர் திரும்பிப் பார்த்து, “அவனை ஒட்டிக்கிட்டே நிக்க யாருக்கு முடியும்?” என்று கேட்டாராம். வகுப்பில் கை தூக்காத என் மாணவன் அன்று கை தூக்கியிருக்கிறான்.

அன்று அவன் அப்பா வேலை முடிந்து, சட்டையில் செம்பனை முள் கீறலோடு, நேரே பள்ளித் திடலுக்குப் போயிருந்தார். ஆட்டத்தின் பாதியில் போய்ச் சேர்ந்ததால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கே பார்த்தாலும் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள். தன் மகன் பந்தையே தொடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் கேட்டிருக்கிறார்:

“நீ எத்தனை போட்டடா?”

“ஒன்னும் போடலப்பா.”

கொஞ்ச தூரம் வந்த பிறகு பையன் சொல்லியிருக்கிறான்: “நான் எறங்கின பெறகு அந்த நெட்டப் பையனும் ஒன்னும் போடலப்பா.”

இதை அப்பாவே என் வீட்டு வாசலில் நின்று சொன்னார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நானும் இருபது வருசமா குலை வெட்டுறேன் டீச்சர். டன் கணக்கு எழுதுறாங்க. மரத்தடிய சுத்தம் பண்றது, உதிரிப் பழம் பொறுக்குறது என் வீட்டுக்காரி. அவ பேரு எந்தக் கணக்குலயும் வர்றதில்ல,” என்றார்.

அவர் அன்று கேட்ட கேள்விக்கு, ‘இதனால் என்ன பிரயோசனம்?’ என்ற கேள்விக்கு, நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அவரே சொல்லிவிட்டார்.

பெற்றோர்களே, கைப்பேசியை முழுக்கப் பிள்ளைகள் கையில் விடச் சொல்லி நான் எழுதவில்லை. நேரம் வையுங்கள். பணம் கேட்கிறதா, பந்தயம் உண்டா என்று பாருங்கள். ஆனால், ஆற்றில் எறிவதற்கு முன் ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்து, “இது என்ன, எனக்கும் சொல்லு,” என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை எதைத் தேடி அங்கே போயிருக்கிறான் என்பது அப்போது தெரியும்.

உங்கள் வீட்டிலும் ஒரு நெட்டையன் இருக்கலாம். தேர்வில் முதலிடம் வராத பிள்ளை. மேடையில் பாடாத பிள்ளை. தண்ணீர் எடுத்து வைத்து, தங்கைக்குத் தலை வாரிவிட்டு, வீட்டுக்குக் காவலாக நிற்கும் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் புள்ளிப் பலகையில் இடம் இல்லாமல் போகலாம். நம் கணக்கிலாவது ஓர் இடம் கொடுப்போம்.